மெட்டு போடத் தெரியும், இத வச்சு பொழைக்க முடியுமா? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மொதல்ல ஒரு வேலை பண்ணுங்க. உங்க லேப்டாப்ப தொறந்து, பாதியில நிக்கிற மியூசிக் ப்ராஜெக்ட் எத்தனை கெடக்குன்னு எண்ணிப் பாருங்க. எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு திரும்பத் திரும்ப ஓடுற லூப் ஒண்ணு, அது மேல அழகான ஒரு பேட் (பின்னணில நீண்டு நிக்கிற சவுண்ட்), கொஞ்சம் ட்ரம்ஸ், அதோட நின்னு போயிருக்கும், ஃபைல் பேரு "ஐடியா 14 நியூ"ன்னு இருக்கும். "கம்போசர் ஆகணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது"ன்னு என்கிட்ட கேக்குற முக்காவாசி பேருக்கு இசை நல்லா வருது, காதும் நல்லாவே இருக்கு, முழுசா முடிச்ச டிராக் மட்டும் கையில இருக்காது. இந்தத் தொழில்ல காசு வர்றது முடிச்சுக் குடுத்த இசைக்குத்தான், அதுவும் இது யாரோடதுன்னு தெளிவா எழுதி வச்ச இசைக்கு. இந்த ரெண்டு பழக்கமும் கைக்கு வந்துட்டா மிச்சத்தையெல்லாம் போகப்போக கத்துக்கலாம்னு நான் உறுதியா நம்புறேன், அதனால கீழ எழுதியிருக்கிறதுல பாதிக்கு மேல இந்த ரெண்ட சுத்தியே தான் வரும்.

1. முடிக்கப் பழகுங்க

அடுத்த 12 வாரத்துக்கு வாரம் ஒரு டிராக், ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷத்துலேர்ந்து ஒன்றரை நிமிஷம், அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்போது மணிக்கு எப்படி இருக்கோ அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி, தேதி போட்டு ஒரு ஃபோல்டர்ல வச்சிருங்க, திங்கக்கிழமை அத தொடாதீங்க. மொத மூணு நாலு டிராக் உங்களுக்கே பிடிக்காது, பரவாயில்ல. அஞ்சாவதுலேர்ந்து ஒரு மாற்றம் வரும், எந்த எடத்துல நீங்க எப்பவும் மாட்டிக்கிறீங்கன்னு புரிய ஆரம்பிக்கும்.

பெரும்பாலும் மாட்டிக்கிற எடம் நடுவுல தான், லூப்லேர்ந்து வெளிய வர்ற எடம். அதுக்கு எனக்கு கைகுடுத்த வழி, முடிவ மொதல்லயே எழுதிர்றது. டிராக் எப்படி முடியுது, ஒரே அடில டக்குன்னு நிக்குதா, கடைசி ஸ்வரம் நீண்டு கரைஞ்சு போகுதான்னு மொத நாளே தீர்மானம் பண்ணி அந்த கடைசி நாலு பார எழுதி வச்சிட்டா நடுவுல இருக்கிறது ஒரு பாலம் மாதிரி ஆயிரும், எங்க போய்ச் சேரணும்னு தெரியும், கை தானா போகும். ஃபேட் அவுட் போட்டு, அதாவது ஓடிக்கிட்டிருக்கிற இசையோட சத்தத்த மெல்ல மெல்ல கொறைச்சு முடிக்காதீங்க, கத்துக்கிற காலத்துல அது முடிவெடுக்காம தள்ளிப்போடுற பழக்கத்த வளத்துரும்.

இன்னொண்ணு, மூணு உணர்ச்சி மட்டும் எடுத்துக்கோங்க. பதட்டம், ஏக்கம், நிம்மதின்னு வச்சுக்கலாம். அந்த மூணுக்குள்ளயே நாலு நாலு டிராக். எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டவங்கள விட "இவர் ஏக்கத்த நல்லா எழுதுவார்"ன்னு பேர் வாங்கினவங்களுக்கு தான் சீக்கிரம் அழைப்பு வரும்.

2. சாமான்

இதுல ரொம்ப நேரம் போக்க வேண்டாம். ரெகார்டிங் சாஃப்ட்வேர் ஏதாவது ஒண்ணு, லாஜிக், க்யூபேஸ், ஏபிள்டன், எஃப்எல் ஸ்டுடியோ, ரீப்பர், எதுவா இருந்தாலும் சரி, ஒரு வருஷத்துக்கு மாத்தாதீங்க. சின்ன மிடி கீபோர்டு ஒண்ணு (மிடின்னா எந்த நோட்ட எப்படி வாசிச்சீங்கன்னு கம்ப்யூட்டருக்கு சொல்ற முறை), காத மூடுற மாதிரி நல்ல ஹெட்ஃபோன் ஒண்ணு, வெளியிலேர்ந்து குரலோ வாத்தியமோ பதிவு பண்ணணும்னா ஒரு மைக்கும் அத கம்ப்யூட்டரோட சேக்குற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும். ஸ்பீக்கர் அப்புறம் வாங்கிக்கலாம், ரூம் சரியில்லாம ஸ்பீக்கர் வாங்கி பிரயோஜனம் இல்ல.

சாமான விட முக்கியம் அத எப்படி வாசிக்கிறோம்ங்கிறது. 1983 ஜனவரில ரெண்டு வேற வேற கம்பெனியோட சிந்தசைசர ஒரே கேபிள்ல சேத்து வாசிச்சுக் காட்டினாங்க, அதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் மிடி அடிப்படை அப்படியே தான் இருக்கு, ஒவ்வொரு நோட்டுக்கும் எவ்ளோ வேகமா அழுத்துனீங்கங்கிறது 1லேர்ந்து 127க்குள்ள ஒரு நம்பர். புதுசா பண்றவங்க டிராக்க தொறந்து பாத்தா எல்லா நோட்டும் 100ல நிக்கும், எல்லாம் கிரிட்ல (சாஃப்ட்வேர் போடுற தாளக் கோட்டுல) ஒட்டிக்கிட்டு இருக்கும், அதான் "கம்ப்யூட்டர்ல பண்ண மாதிரி இருக்கு"ன்னு எல்லாரும் சொல்றதுக்கு காரணம், சவுண்ட் லைப்ரரி மேல தப்பில்ல. ஸ்ட்ரிங்ஸ் எழுதும்போது மாட் வீலயும் எக்ஸ்பிரஷனையும் (நோட்டு ஒலிக்கும்போதே சத்தத்தையும் தன்மையையும் மாத்துற கன்ட்ரோல்) ஏத்தி இறக்கி வாசிங்க, நீண்ட நோட்டு ஒரே சத்தத்துல நிக்கக் கூடாது, வில்லு போற மாதிரி கொஞ்சம் எழும்பி அடங்கணும். புல்லாங்குழல் எழுதுனா வாசிக்கிறவர் எங்க மூச்சு வாங்குவார்னு உங்க வாயாலயே பாடிப் பாருங்க, பதினாறு பாருக்கு மூச்சே விடாத குழல் காதுக்கு உடனே தெரிஞ்சிரும்.

அப்புறம் இது கட்டாயம், எல்லா டிராக்லயும் ஒரே ஒரு நிஜ வாத்தியமாவது, இல்ல ஒரு குரலாவது பதிவு பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல எழுதின முப்பது வரிசைக்கு நடுவுல ஒரு நிஜ கிட்டாரோட விரல் சத்தம் இருந்தா மொத்தமும் உயிரோட கேக்கும். நண்பர்கள்ல வாசிக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு இப்பவே பாத்து வைங்க, அவங்க தான் நாளைக்கு உங்க டீம்.

காத பத்தி ஒரு வார்த்தை, 85 டெசிபெல் சத்தத்துல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு தொழில் சுகாதாரத்துல ஒரு கணக்கு சொல்றாங்க, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியா குறையும், அதாவது 88ல நாலு மணி நேரம், 91ல ரெண்டு. ஹெட்ஃபோன்ல சத்தமா வச்சு ராத்திரி முழுக்க வேலை பாக்குறவங்க இத மனசுல வைங்க, போன காது திரும்ப வராது.

3. படத்துக்கு வாசிச்சுப் பழகுறது

பாட்டு மட்டும் எழுதுறவங்களுக்கும் இத பண்ணச் சொல்லுவேன், ஏன்னா விளம்பரம், குறும்படம், கேம், டாக்குமெண்டரின்னு காசு வர்ற வழி நெறைய காட்சியோட சேந்தே இருக்கு. இதுல கணக்கு ஒண்ணு இருக்கு, பயப்பட வேண்டாம், ரொம்ப எளிமை தான்.

120 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்துல, ஒரு பீட் அரை செகண்ட். நாலு பீட் ஒரு பார்னா ஒரு பார் ரெண்டு செகண்ட். அப்ப 30 செகண்ட் விளம்பரம்னா சரியா 15 பார். படம் 24 ஃப்ரேம்ல ஓடுதுன்னா ஒரு பீட்டுக்கு 12 ஃப்ரேம். இப்ப கம்பெனி லோகோ 26வது செகண்ட்ல வருதுன்னு வைங்க, 13 பார் முடிஞ்சு 14வது பாரோட மொத அடி அங்க தான் விழும், எதையும் மாத்த வேண்டாம், அப்படியே உக்காரும். ஆனா எடிட்டர் கடைசி நேரத்துல ஒரு ஷாட்ட நீட்டி லோகோவ 26.5க்கு தள்ளிட்டார்னா? பார வெட்டி ஒட்டுனா தாளம் நொண்டும். அதுக்குப் பதிலா அந்த 13 பார், அதாவது 52 பீட், 26.5 செகண்ட்ல முடியுற மாதிரி டெம்போவ கொறைச்சா போதும். 52ஐ 26.5ஆல வகுத்து 60ஆல பெருக்குனா 117.74 வரும். கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, லோகோ சரியா அடில விழும். இந்த ஒரு கணக்கு தெரிஞ்சதுனால மட்டும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்த கரெக்‌ஷன அர மணி நேரத்துல முடிச்சுக் குடுத்திருக்கேன்.

எடிட்டர்கிட்ட கேக்க வேண்டிய மொத கேள்வி ஃப்ரேம் ரேட் என்ன, ரெண்டாவது பிக்சர் லாக் ஆயிருச்சா, அதாவது எடிட் இனிமே மாறாதுன்னு முடிவாயிருச்சா. 24ம் 23.976ம் ஒண்ணு தானேன்னு விட்டுறாதீங்க, ஒரு மணி நேர படத்துல அது 3.6 செகண்ட் வித்தியாசம் ஆயிரும். லாக் ஆகாத கட்டுக்கு முழுசா ஸ்கோர் (பின்னணி இசை) பண்ணாதீங்க, தீமும் சில மாதிரிகளும் மட்டும் பண்ணி வச்சுக்கோங்க.

வசனத்துக்கு கீழ எழுதுறது தனி வித்தை. ஆரம்பத்துல ஒரு குறும்படம் பண்ணேன், அம்மா ஒருத்தங்க மகன்கிட்ட ஃபோன்ல பேசுற காட்சி, அதுக்கு குழல்ல ஒரு மெட்டு போட்டேன், எனக்கு அது உசுரு மாதிரி. மிக்ஸிங் ரூம்ல எஞ்ஜினியர் ரெண்டு தடவ கேட்டுட்டு ஃபேடர் மேல கைய வச்சுக்கிட்டே சொன்னார், "தம்பி, அந்தம்மா பேசும்போது உன் குழலும் பேசுது, நான் யாரு பேச்ச கேக்குறது?" அப்புறம் குழல அப்படியே கீழ இறக்கிட்டார், காட்சி பளிச்சுன்னு ஆயிருச்சு. பேச்சோட தெளிவு பெரும்பாலும் 1லேர்ந்து 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு, மெட்டு வாசிக்கிற வாத்தியத்தோட கூர்மையும் அதே எடத்துல தான் வந்து மோதும். அதனால வசனம் ஓடும்போது நீண்ட ஸ்வரம், கீழ் ஸ்தாயில ஒலிக்கிற வாத்தியம், வசனம் நின்ன அந்த ரெண்டு செகண்ட் எடவெளில மெட்டு. அந்த குழல நான் அப்புறம் அவங்க ஃபோன வச்சதுக்குப் பின்னாடி வர்ற மௌனத்துக்கு நகத்துனேன், அது தான் அந்தப் படத்துல எல்லாருக்கும் ஞாபகம் இருந்த எடம்.

டைரக்டர் ஏற்கனவே வேற யாரோட மியூசிக்கையோ ஒட்டி வச்சிருப்பார், டெம்ப் டிராக்னு சொல்லுவாங்க. "இதே மாதிரி வேணும்"னு சொன்னா அப்படியே காப்பி அடிக்காதீங்க, கேள்வி கேளுங்க, இதுல உங்களுக்கு பிடிச்சது வேகமா, வாத்தியமா, இல்ல ஒண்ணுமே இல்லாம காலியா இருக்கிற அந்த எடமா? பாதி நேரம் பதில் நீங்க நெனச்சதா இருக்காது.

4. எந்தப் பக்கம் போறது

குறும்படமும் தனி வீடியோ பண்றவங்களும் தான் ஆரம்பிக்க நல்ல எடம், மனுஷங்கள சம்பாதிக்கிற எடமும் அது தான். விளம்பரம்னா வேகமும் பொறுமையும் வேணும், இருபது வினாடிக்கு எட்டு வெர்ஷன் கேப்பாங்க.

கேம் மியூசிக் வேற மாதிரி, ஆடுறவர் ஒரு எடத்துல ரெண்டு நிமிஷம் நிப்பாரா இருபது நிமிஷம் நிப்பாரான்னு உங்களுக்குத் தெரியாது, அதனால தையல் தெரியாம சுத்துற லூப்பும், சண்டை வந்தா மேல ஏறி உக்கார்ற லேயரும் எழுதணும். எஃப்மாட், வைஸ்னு ரெண்டு சாஃப்ட்வேர் அதுக்குன்னே இருக்கு, கத்துக்க இலவசமாவே கெடைக்குது, கம்போசர்கள்ல இத தெரிஞ்சவங்க கம்மிங்கிறதால இந்தப் பக்கம் ஆர்வம் இருந்தா தைரியமா எறங்கலாம்.

லைப்ரரி மியூசிக்னு ஒண்ணு இருக்கு, முன்கூட்டியே எழுதி வச்சு எடிட்டர்கள் தேடி எடுத்துக்கிறது. மெதுவா வளர்ற வருமானம், மொத வருஷம் ஒண்ணும் பெருசா எதிர்பாக்காதீங்க. ஒரு டிராக்குக்கு முழு வெர்ஷன், 60 செகண்ட், 30 செகண்ட், ட்ரம்ஸ் இல்லாதது, மெட்டு இல்லாததுன்னு பிரிச்சுக் குடுக்கணும், பேரும் விவரமும் ஒழுங்கா போடணும், "ஏக்கம், பியானோ, மெதுவா, மழை"ன்னு தேடுறவருக்கு அகப்படலைனா எவ்ளோ நல்ல இசையா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

சொந்தப் பாட்டும் வெளியிடுங்க, ஆனா அதையே மொத வருமானமா நம்பாதீங்க. ஸ்பாட்டிஃபைல 2024லேர்ந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடினா தான் அதுக்கு ரெகார்டிங் ராயல்டி (பாட்டு ஓடுறதுக்கு வர்ற பங்குக் காசு) கணக்குல வரும். வெளியிட்ட பாட்டு உங்க முகவரி அட்டை மாதிரி, ஆள் வந்து பாக்குறதுக்கு.

5. மொத வேலை கெடைக்கிறது

பன்னெண்டு டிராக்ல மூணே மூணு எடுங்க. மொத பத்து செகண்ட்ல விஷயம் தெரியணும், அரை நிமிஷம் காத்து சத்தம் போட்டு ஆரம்பிக்கிறது வேண்டாம். ஃபைல அனுப்பாதீங்க, தட்டுன உடனே ஓடுற லிங்க் அனுப்புங்க. அப்புறம் எல்லாருக்கும் ஒரே மெசேஜ அனுப்பாம, அவங்க வேலைய நிஜமா பாத்துட்டு எழுதுங்க. நான் எழுதுனதுல பதில் வந்த ஒண்ணு கிட்டத்தட்ட இப்படி இருந்துச்சு:

"வணக்கம் மேடம், உங்க போன படத்துல பஸ் ஸ்டாண்ட் சீனுக்கு மியூசிக்கே இல்லாம விட்டிருந்தீங்க, அந்த முடிவு எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு. நான் இசையமைக்கிறேன். அமைதியான கதைகளுக்கு பண்ணுன மூணு பீஸ் இந்த லிங்க்ல இருக்கு, மொத்தமே மூணு நிமிஷம் தான். அடுத்த படத்துக்கு ஆள் தேடும்போது கேட்டுப் பாருங்க."

பதில் வரலைனா ரெண்டு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதோட விட்ருங்க. பெரிய ஆளுங்களுக்கு நூறு மெசேஜ் அனுப்புறத விட உங்கள மாதிரியே இப்ப தான் ஆரம்பிக்கிற டைரக்டர், எடிட்டர், கேம் பண்றவங்க பத்து பேரோட பழகுறது எவ்வளவோ மேல், அவங்க வளரும்போது உங்களையும் கூட்டிட்டுப் போவாங்க. எடிட்டர்கள மறந்துறாதீங்க, எந்த மியூசிக்க டெம்ப்பா ஒட்டலாம்னு மொதல்ல தேடுறதே அவங்க தான்.

6. எவ்ளோ கேக்குறது

கேக்க கூச்சமா இருக்கும், எல்லாருக்கும் இருக்கும். கூச்சம் போகணும்னா கணக்கு கையில இருக்கணும். அந்த 12 டிராக் பண்ணும்போதே ஒவ்வொண்ணுக்கும் எத்தன மணி நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க, அப்ப உங்களுக்கு ஒரு நிமிஷ இசை முடிக்க எத்தன மணி நேரம் ஆகுதுன்னு ஒரு நிஜமான எண் கெடைக்கும். அத வேலையோட மொத்த நிமிஷத்தால பெருக்கி, திருத்தத்துக்கு கொஞ்சம் சேத்து, உங்க மணி நேரக் கூலியால பெருக்குங்க. வாசிக்கிறவங்க, பாடுறவங்க, ஸ்டுடியோ, மிக்ஸிங், இதெல்லாம் அதுல கலக்காம தனி வரில எழுதுங்க. மொத்தமா ஒரு தொகை, எல்லாம் அதுக்குள்ளன்னு சொல்ற பேக்கேஜ்ல தான் நெறைய பேர் கையக் கடிச்சுக்குவாங்க, டைரக்டர் நடுவுல "நிஜ வயலின் வேணும்"னு கேட்டா அந்தச் செலவு உங்க கூலிலேர்ந்து போயிரும்.

பாதி அட்வான்ஸ், மீதி ஃபைனல் ஃபைல் குடுக்கிறதுக்கு முன்னாடி. ரெண்டு சுத்து திருத்தம் உள்ள அடக்கம், அதுக்கு மேல போனா தனி காசு. பாதில ப்ராஜெக்ட் நின்னா அதுவரைக்கும் பண்ண வேலைக்கு இவ்ளோன்னு ஒரு வரி. இத ஒரு பக்கத்துல எழுதி மெயில்ல அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்கிட்டா கூட போதும், வக்கீல் வச்சு தான் பண்ணணும்னு இல்ல. பெரிய தொகைனா வக்கீல்கிட்ட காட்டுறது நல்லது.

காசில்லாம பண்ணலாமான்னு கேப்பீங்க. பண்ணலாம், ஆனா ரெண்டு நிபந்தனை, படம் நிஜமாவே முடியும்னு உங்களுக்கு நம்பிக்கை இருக்கணும், உரிமை உங்ககிட்டயே இருக்கணும்.

7. உரிமை

இத மட்டும் நிதானமா படிங்க.

1847ல பாரிஸ்ல எர்னஸ்ட் பூர்ஜேன்னு பாட்டு எழுதுற ஒருத்தர் ஒரு கஃபேல உக்காந்திருந்தார், அங்க அவரோட படைப்ப வாசிச்சாங்க. பில் வந்தப்ப அவர் குடுக்க மாட்டேன்னுட்டார். என் பாட்ட வச்சு நீங்க கூட்டம் சேக்குறீங்க, அதுக்கு எனக்கு காசு தரல, அப்ப நான் மட்டும் எதுக்கு தரணும்னு கேட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு, அவர் பக்கம் தீர்ப்பாச்சு, அதுலேர்ந்து 1851ல சாசெம்ங்கிற படைப்பாளிகள் சங்கம் பொறந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. அமெரிக்கால ஆஸ்கேப், பிஎம்ஐ, பிரிட்டன்ல பிஆர்எஸ், ஜெர்மனில கெமா, இந்தியால ஐபிஆர்எஸ், எல்லாம் அதே வேலையத் தான் பண்றாங்க, உங்க இசை பொது எடத்துல, டிவில, ரேடியோல, ஆன்லைன்ல ஓடுறதுக்கு காசு வசூல் பண்ணி பிரிச்சுக் குடுக்கிறது. நீங்க ஒரு சங்கத்துல சேந்தா, வெளிநாட்டுல ஓடுறதையும் அந்தந்த நாட்டுச் சங்கத்தோட இருக்கிற ஒப்பந்தம் வழியா உங்க சங்கமே வாங்கித் தரும்.

அடிப்படை இது தான், ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு சொத்து இருக்கு. எழுதின மெட்டும் வரியும் ஒண்ணு. அத பாடி வாசிச்சு பதிவு பண்ணின ரெகார்டிங் இன்னொண்ணு, அதத் தான் மாஸ்டர்னு சொல்றாங்க. ஒரே மெட்ட பத்து பேர் பத்து விதமா பதிவு பண்ணா மெட்டு ஒண்ணு, மாஸ்டர் பத்து. ஒரு படத்துல உங்க பாட்ட போடணும்னா ரெண்டுக்கும் அனுமதி வேணும். ஒவ்வொரு ரெகார்டிங்குக்கும் ஐஎஸ்ஆர்சின்னு 12 எழுத்துல ஒரு குறியீடு உண்டு, பாட்ட கடைகளுக்கு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரே பெரும்பாலும் அத குடுத்துருவாங்க. மெட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசின்னு தனி குறியீடு, அது சங்கத்துல பதிவு பண்ணும்போது வரும்.

நீங்க எழுதின அந்த நொடிலயே உரிமை உங்களோடது தான், 1886 பெர்ன் ஒப்பந்தத்துல இருக்கிற நாடுகள்ல அதுக்குன்னு எங்கயும் போய் பதிவு பண்ணி தான் ஆகணும்னு இல்ல, உங்க ஆயுளுக்கும் அதுக்கப்புறம் கொறஞ்சது 50 வருஷத்துக்கும் அது நிக்கும். ஆனா உரிமை இருக்கிறது வேற, காசு கைக்கு வர்றது வேற. டிஸ்ட்ரிபியூட்டர் குடுக்கிறது மாஸ்டருக்கான காசு, மெட்டுக்கான காசு சங்கம் வழியா தான் வரும், இத தெரியாம வருஷக்கணக்குல பாதி வருமானத்த விட்டவங்க நெறைய பேர். டிவிக்கோ ஓடிடிக்கோ போற வேலைனா க்யூ ஷீட்னு ஒண்ணு போடுவாங்க, எந்த இசை எத்தன நிமிஷம் வருது, எழுதினது யாருன்னு. அதுல உங்க பேரு எழுத்துப்பிழை இல்லாம, உங்க சங்கத்து உறுப்பினர் எண்ணோட இருக்கான்னு கேட்டு ஒரு காப்பி வாங்கிக்கோங்க. அந்தத் தாள் இல்லைனா உங்க இசை ஓடினதா சங்கத்துக்குத் தெரியவே தெரியாது.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். ஆரம்ப காலத்துல ஒரு விளம்பரத்துக்கு 40 செகண்ட் மெட்டு குடுத்தேன், நல்ல மனுஷங்க தான், பேசினது எல்லாம் வாயால. ஒரு வருஷம் கழிச்சு அதே மெட்டு வேற மூணு வீடியோல வந்துச்சு, ஒண்ணுல வேற ஆள் பேரு. போய்க் கேட்டா "மொத்தமா வாங்கினோமே"ன்னாங்க. நான் மொத்தமா குடுக்கல, ஆனா குடுக்கலன்னு காட்ட என்கிட்ட ஒரு வரி கூட இல்ல. அந்த மெட்டு இன்னைக்கும் எங்கயாவது காதுல விழுந்தா வலிக்கும். உங்களுக்கு அது நடக்கக் கூடாதுன்னு தான் இவ்ளோ நீட்டி எழுதுறேன்.

அதனால, ஒப்பந்தத்துல இத தேடிப் படிங்க. உரிமைய முழுசா மாத்திக் குடுக்கிறீங்களா, இல்ல உபயோகிக்க அனுமதி மட்டும் குடுக்கிறீங்களா? அனுமதினா எதுக்கு, எந்த நாட்டுல, எத்தன வருஷத்துக்கு? ஒருத்தருக்கு மட்டுமா, வேற யாருக்கும் குடுக்கலாமா? முழுசா வாங்கிக்கிறோம்னா விலை ஏறணும், அப்படியும் சங்கம் வழியா வர்ற எழுத்தாளர் பங்கு (இசைய எழுதினவருக்குன்னு ஒதுக்குற காசு) உங்ககிட்டயே இருக்கணும்னு கேளுங்க. பட்ஜெட் சின்னதா, அப்ப உரிமையும் சின்னதா தான் குடுக்கணும், இந்த ஒரு தராசு மனசுல இருந்தா பேரம் பேசுறது சுலபம்.

ரெண்டு பேர் சேந்து எழுதினா பங்கு எவ்ளோன்னு அன்னைக்கே, அந்த ரூம விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே எழுதிருங்க. தேதி, பாட்டு பேரு, மெட்டு யாரு, வரி யாரு, மாஸ்டர் யாருக்கு, எத்தன சதவீதம், ரெண்டு பேர் கையெழுத்து, அஞ்சு நிமிஷ வேலை. பாட்டு ஹிட் ஆனதுக்கப்புறம் இந்தப் பேச்ச எடுத்தா நட்பே போயிரும், ஹிட் ஆகுறதுக்கு முன்னாடி எடுத்தா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. வாசிக்க வந்த நண்பருக்கும் "இந்த ரெகார்டிங்க பயன்படுத்திக்கலாம்"னு ஒரு வரி எழுத்துல வாங்கிக்கோங்க, அவருக்கு காசையும் பேரையும் மறக்காம குடுங்க.

ரெடிமேட் லூப் போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே லூப்ப ஆயிரம் பேர் போட்டிருப்பாங்க. அந்த டிராக்க யூடியூப் கன்டென்ட் ஐடில (யாரோட இசை எந்த வீடியோல வருதுன்னு தானா கண்டுபிடிக்கிற சிஸ்டம்) ஏத்துனா, அதே லூப் வச்ச அடுத்தவங்க வீடியோ மேல எல்லாம் இது என் இசைன்னு உங்க பேர்ல க்ளெய்ம் போகும், சண்டை வரும். லூப் முக்கியமா நிக்கிற டிராக்க அதுல ஏத்தாதீங்க. ஏஐ வச்சு மெட்டு எடுக்கிறவங்களும் கவனிங்க, மனுஷன் படைக்காத படைப்புக்கு காப்பிரைட் கெடையாதுன்னு அமெரிக்க அப்பீல் கோர்ட் 2025ல தெளிவா சொல்லிருச்சு. பெரும்பாலான ஒப்பந்தத்துல "இது முழுக்க என் சொந்தப் படைப்பு"ன்னு நீங்க உறுதி குடுத்து கையெழுத்து போடுவீங்க, அந்த வரிக்கு கீழ நிம்மதியா கையெழுத்து போட முடியுற மாதிரி வேலை பண்ணுங்க.

8. ஒப்படைக்கிறது

படத்துக்குனா 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல், வேற மாதிரி கேட்டா ஒழிய இது தான். முழு மிக்ஸ் ஒண்ணு, அப்புறம் ஸ்டெம், அதாவது தாளம் தனி, ஸ்ட்ரிங்ஸ் தனி, மெட்டு தனி, குரல் தனி, எல்லாம் ஒரே எடத்துல ஆரம்பிக்கணும், ஒண்ணா சேத்து ஓட்டுனா முழு மிக்ஸ் மாதிரியே கேக்கணும், அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களே புது ப்ராஜெக்ட்ல போட்டு ஓட்டிப் பாருங்க. ஃபைல் பேர்ல படம், சீன் நம்பர், வெர்ஷன், பிபிஎம். "ஃபைனல் ஃபைனல் 2" எல்லாம் வேண்டாம்.

சத்தம் கூட்டிக்கிட்டே போகாதீங்க. ஸ்பாட்டிஃபை வழக்கமா மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்க்கு (காதுக்கு எவ்ளோ சத்தமா கேக்குதுன்னு சொல்ற அளவு) எல்லாப் பாட்டையும் சமப்படுத்தும், ஐரோப்பிய ஒளிபரப்புக்கு மைனஸ் 23, நீங்க நசுக்கி நசுக்கி ஏத்துனத அவங்க மறுபடி இறக்கிருவாங்க, நசுங்கினது மட்டும் மிஞ்சும். பீக் (சத்தம் தொடுற உச்சி) மைனஸ் 1 டெசிபெலுக்கு மேல போகாம வச்சுக்கோங்க.

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடி குடுங்க. முடியாதுன்னு தெரிஞ்சா கடைசி நாள் வரைக்கும் மறைக்காம, தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிருங்க. இதுக்காகவே திரும்பக் கூப்பிடுவாங்க, நான் பாத்திருக்கேன்.

9. கணக்கு வழக்கு

இசை வருமானத்துக்கு தனி பேங்க் அக்கவுண்ட். ஒவ்வொரு வரவுலயும் ஒரு பங்க வரிக்குன்னு அன்னைக்கே எடுத்து வச்சிருங்க, செலவு பண்ணிட்டு அப்புறம் தேடாதீங்க. ஆறு மாச வீட்டுச் செலவு கையில சேர்ற வரைக்கும் பாக்குற வேலைய விட வேண்டாம், பயத்துல இருக்கும்போது எந்த ஒப்பந்தத்துலயும் கையெழுத்து போட்டுருவோம், அது தான் இதுல பெரிய ஆபத்து. சொல்லிக் குடுக்கிறது, மிக்ஸிங், புரோகிராமிங், அடுத்தவங்களுக்கு அரேஞ்ச் பண்ணிக் குடுக்கிறது, எல்லாம் இதே தொழில் தான், எதுவும் கொறச்சல் இல்ல.

பேக்கப் மூணு காப்பி, ரெண்டு வேற வேற எடத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய. மூணு வருஷம் கழிச்சு "அந்த தீமோட ஸ்டெம் வேணும், சீக்வல் பண்றோம்"னு ஃபோன் வரும், அப்ப இருக்கணும்.

கடைசியா ஒரு ஷீட் தொறங்க, மொபைல்ல இருந்தா கூட போதும். டிராக் பேரு, எழுதின தேதி, கூட யாரு, யாருக்கு எத்தன சதவீதம், யாருக்கு எந்த அனுமதி குடுத்தோம், எதுவரைக்கும், ஐஎஸ்ஆர்சி, சங்கத்துல பதிஞ்சாச்சா, க்யூ ஷீட் வந்துச்சா, பணம் வந்துச்சா. மொத வரில அந்த "ஐடியா 14 நியூ"வுக்கு ஒரு ஒழுங்கான பேரு வச்சு எழுதுங்க, முடிவு நாலு பார இன்னைக்கு ராத்திரியே எழுதிருங்க, ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்கு எக்ஸ்போர்ட்.